அடித்தல் திருத்தல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு மாதங்களாகக் காணொளிகளைப் பார்த்துச் சீனத் தூரிகையெழுத்துப் பழகுகிறேன். ஒரு கோடு பிசகினாலும் தாளைக் கிழித்துவிடுகிறேன். மாலையில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆட்டுமயிர்த் தூரிகையை மாற்றினால் சரியாகுமா? சீன மொழி தெரியாமல் இக்கலை கைவருமா?

ர.

அன்புள்ள ர.,

தூரிகையின் மேல் பழி போடாதீர்கள். ஆட்டுமயிர் தொடக்கத்தில் படுத்தும். சற்று விறைப்பான மயிர் கலந்ததை வாங்குங்கள், அவ்வளவுதான். மொழி தெரியாவிட்டால் போகட்டும், எழுதும் சொல்லின் பொருளை அகராதியில் பார்க்கவுமா சோம்பல்?

என்னை உறுத்துவது நீங்கள் கிழித்த தாள்கள். தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில், சீனத்தை ஆண்ட தாங் அரசின் அதிகாரி யான் ஜென்ச்சிங் 758-இல் எழுதிய இரங்கலுரையின் வரைவு இருக்கிறது. அவ்வரசுக்கு எதிராகப் படைத்தலைவன் ஆன் லூஷான் நடத்திய கலகத்தில் கொல்லப்பட்ட, அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் மகன் யான் ஜிமிங்குக்காக எழுதியது. அப்பிள்ளையின் தலை மட்டுமே வீடு வந்து சேர்ந்தது. தேதியும் பதவிப் பெயர்களும் வரும் தொடக்க வரிகள் நிதானமாக ஓடுகின்றன. போகப்போகக் கை பதறுகிறது: சொற்களை அடிக்கிறார், பக்கத்தில் இடுக்கி எழுதுகிறார், மை வற்றிய பின்னும் தோய்க்க மனமின்றி வறண்ட தூரிகையை இழுக்கிறார். சீன மரபு இதனை ஓட்டெழுத்தில், அதாவது கோடுகளை இணைத்து விரைந்து எழுதும் முறையில், இரண்டாம் இடத்தில் வைத்துப் போற்றுகிறது. முதலிடம் பெற்ற லான்டிங் முன்னுரையும், எழுத்துக்கலைஞர் வாங் சீஜி 353-ஆம் ஆண்டு ஒரு கவிதைத் தொகுப்புக்கு எழுதியது, வரைவுதான். அதன் மூலத்தாள் இன்று இல்லை. ஆனால் பெய்ஜிங்கில் உள்ள புகழ்பெற்ற தாங் காலப் படியை எடுத்தவர், வாங் சீஜி திருத்திய இடங்களையும் அப்படியே பெயர்த்திருக்கிறார். பிழையைக்கூடப் பிழையின்றிப் படியெடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது; உங்களுக்கோ கிழிக்கத் தோன்றுகிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் கிழித்தவன்தான். தந்தை இறந்ததை அத்தைக்கு எழுதியபோது, அடித்து அடித்து நனைந்துபோன வரைவைக் கிழித்தெறிந்துவிட்டு, வெள்ளைத்தாளில் அழகாகப் பெயர்த்து அனுப்பினேன். சென்ற மாதம் அத்தையின் பெட்டியில் அக்கடிதம் கிடைத்தது. விடுப்பு விண்ணப்பம் போல் இருந்தது. அன்றிலிருந்து அந்த வரைவையே நினைத்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அடிப்பது வேறு, காய்ந்த கோட்டின் மேல் மறுபடி தூரிகையை வைத்துப் பூசி மெழுகுவது வேறு. தூரிகையெழுத்துக்குரிய சுவான் தாள் மையை உடனே உறிஞ்சிக்கொள்வதால், இரண்டாம் பூச்சு தனியே கருத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி எழுதும் தாள்களில் தேதியிட்டு அடுக்கி வையுங்கள். அடுத்த கடிதத்தோடு ஒன்றை அனுப்புங்கள். நன்றாக வந்ததைத் தேட வேண்டாம்.

அன்புடன்.