யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பெரிய றிமோட் ஜெட் விமானம் செய்து பறக்கவிட முடியுமா?

கேட்டவர் ஏ.எல். முடித்த தம்பி. இரண்டு மீற்றர் நீளத்தில் ஒரு ஜெட் செய்ய ஆசை, டர்பைன் (மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன ஜெட் எந்திரம்) வாங்கக் காசு சேர்க்கிறேன், எங்கிருந்து தொடங்குவது என்று எழுதியிருந்தார்.

முடியும் தம்பி. ஆனால் அந்தக் காசில் இப்போது டர்பைன் வாங்க வேண்டாம். ஜெட்டில் கடைசியாக வாங்க வேண்டிய சாமான் அது. முதலில் பாரத்தைச் சமன் செய்யப் பழக வேண்டும். பிறகு விமானத்தை இறக்க ஓர் இடம் தேட வேண்டும்.

நான் வடமராட்சிக்காரன். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலுக்கு ஏறும் பட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன். கொக்குப் பட்டத்துக்கு முச்சை (பட்டத்தைப் பறக்கவிடும் நூலோடு பிணைக்கும் கட்டு) கட்டும்போது மேல்நூல் அரை அங்குலம் பிசகினாலும் பட்டம் குத்தும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். விமானத்துக்கு அந்த முச்சைதான் ஈர்ப்பு மையம், பாரம் முழுக்கச் சமனாக நிற்கும் புள்ளி. இறக்கையின் சராசரி அகலத்தில், முன் விளிம்பிலிருந்து 25 முதல் 30 சதவீதத்துக்குள் அந்தப் புள்ளி விழவேண்டும். இறக்கைக்கு அடியில் அந்த இடத்தில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் மூக்கு மட்டமாக, அல்லது சற்றுத் தாழ்ந்து நிற்க வேண்டும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டுதான் என் முதல் ஜெட்டைச் செய்தேன். டர்பைன் இல்லை, மின்மோட்டாரில் ஓடும் 90 மில்லிமீற்றர் விசிறி. குழாய்க்குள் பல இதழ் கொண்ட விசிறியைச் சுழற்றிக் காற்றைப் பின்னால் தள்ளும் ஏற்பாடு. ஈ.டி.எஃப். என்பார்கள். முழு வேகத்தில் 90 அம்பியர் இழுக்கும். ஆறு செல் லித்தியம் பற்றரியில் அது கிட்டத்தட்ட 2000 வாற், தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல் எடுக்கிற அளவு. நான்கு நிமிடம் பறக்கலாம், அவ்வளவுதான். விமானம் 3 கிலோ, அதில் பற்றரி மட்டும் 750 கிராம்.

சில்லு வைக்கவில்லை. புல்தரையில் முளை அடித்து இறப்பர்க் கயிற்றில் இழுத்து விட்டேன். கொளுக்கி கழன்ற அந்த நொடியே மூக்கு மேலே போனது. கீழே அமுக்கினேன், குத்தியது. மேலே இழுத்தேன், இன்னும் மோசமாக ஏறியது. கடல் அலையில் வள்ளம் ஏறி இறங்குவதுபோல மூன்று தரம் ஆடி, இடது இறக்கை சரிந்து வயல் வரம்பில் விழுந்தது. இருபது நொடிகூட இல்லை. மூடியைத் திறந்து பார்த்தால், இறப்பர் இழுத்த வேகத்தில் பற்றரி ஒட்டுப்பட்டியோடு நான்கு சென்ரிமீற்றர் பின்னுக்கு நழுவியிருக்கிறது. கணக்குப் பார்த்தேன். 3 கிலோவில் 750 கிராம் நான்கு சென்ரிமீற்றர் நகர்ந்தால் ஈர்ப்பு மையம் சரியாக ஒரு சென்ரிமீற்றர் பின்னால் போகும். அந்த விமானம் விழ அது போதும். அன்றிலிருந்து பற்றரிக்குப் பின்னால் ஒரு ஒட்டுப்பலகைத் தடுப்பு ஒட்டாமல் எதையும் பறக்கவிடுவதில்லை.

செய்கிற வேலையைப் பொறுத்தவரை நம்மூர் நல்ல ஊர். பைபர் படகு திருத்துகிறவர்களிடம் கண்ணாடி இழைத் துணியும் ரெசினும் இருக்கும், அதைவிட முக்கியமாகக் கைப்பழக்கம் இருக்கும். துணிக்கு அடியில் காற்றுக் குமிழ் நிற்காமல் உருளையை எப்படி ஓட்டுவது என்று ஒரு படகுக்காரர்தான் எனக்குக் காட்டினார். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். படகுக்குப் பூசுவது பொலியெஸ்ரர் ரெசின். ரெஜிபோமில் (பெட்டிகளுக்குள் வைக்கும் வெள்ளைப் போம்) வெட்டிய இறக்கைமேல் அதைப் பூசினால் போம் கரைந்துவிடும். சூட்டுக் கம்பியால் இரண்டு கிழமையாக வெட்டித் தேய்த்த இறக்கை என் கண்முன்னாலேயே வெயிலில் வைத்த ஐஸ்கிறீம்போலக் குழிந்து போனது. ரெஜிபோமுக்கு எப்பொக்சி மட்டுமே. விலை கூட, என்ன செய்வது. உடற்பகுதியை மெழுகு பூசிய அச்சில் வார்ப்பதானால் படகு ரெசின் போதும். அதை அனுபவித்துச் செய்யலாம்.

இனி டர்பைன். ஜேர்மனியில் இருக்கிற மச்சானிடம் ஒரு கோடை போய் நின்றபோதுதான் முதன்முதலில் அதைக் கிட்ட நின்று பார்த்தேன். இந்தச் சின்ன எந்திரத்தை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் குர்ட் ஷ்ரெக்லிங் என்ற ஜேர்மன்காரர். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில், காற்றை அமுக்கும் சக்கரத்தை ஒட்டுப்பலகையில் செய்து கார்பன் இழை சுற்றிப் பலப்படுத்தி ஓடவைத்தார். பலகையில் ஜெட்! அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உற்சாகம் வரும்.

மச்சானுடையது 180 நியூட்டன் உந்துவிசை தருவது, அதாவது 18 கிலோவைத் தூக்கி நிறுத்தும் பலம். மண்ணெண்ணெயில் ஐந்து சதவீதம் அளவு டர்பைன் எண்ணெய் கலந்து ஊற்றுவார். அது தாங்கிகளுக்கு மசகு. முதலில் சின்ன மோட்டார் ஒன்று தண்டைச் சுழற்றும், பிறகு தீ பிடிக்கும், ஊதல் மெல்ல மெல்ல ஏறிச் சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றைத் தாண்டும். முழு வேகத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேல் குடிக்கும். நிறுத்திய பிறகும் உள்ளே சூடு தணியும்வரை அந்தச் சின்ன மோட்டார் தானாகச் சுழற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் அங்கே ஒருவரும் தொடக்குவதில்லை. பழைய டர்பைன்களில் எரிவாயுவில் தொடக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள் என்று மச்சான் சொன்னபோது அப்பாவின் மோட்டார் சைக்கிள் ஞாபகம் வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோல் விட்டுத் தொடக்கி, மண்ணெண்ணெயில் யாழ்ப்பாணம் முழுக்க ஓடிய வண்டிகளில் ஒன்று அது.

ஜெட்டுக்கு ஒரு குணம் இருக்கிறது, இதைத்தான் நீங்கள் கையில் பழக வேண்டும். முன்னால் சுழலி உள்ள விமானத்தில் சுழலியின் காற்று வாலில் படும், ஆகவே நிற்கும்போதே சுக்கான் வேலை செய்யும். ஜெட்டில் அது கிடையாது. ஓடி வேகம் பிடித்த பிறகுதான் வாலுக்கு உயிர் வரும். டர்பைனில் இன்னொன்று. குறைந்த சுற்றிலிருந்து முழு வேகத்துக்கு வர மூன்று நான்கு நொடி எடுக்கும். இறங்க வரும்போது சரிவரவில்லை, மறுபடி ஏறுவோம் என்று கடைசி நொடியில் நினைத்தால் விசை வருவதற்குள் விமானம் தரையில் இருக்கும். முடிவை முன்கூட்டியே எடுக்க வேண்டும். மச்சான் எனக்கு ஒரு நாள் முழுக்கத் தரையைத் தொடாமல் வந்து வந்து போகவே பழக்கினார்.

பெரிதாகச் செய்ய ஆசைப்படுவது பிழையில்லை, பெரிய விமானம் வானத்தில் அழகாக நகரும், தூரத்திலும் தெரியும். ஆனால் எல்லா அளவையும் இரட்டித்தால் இறக்கைப் பரப்பு 4 மடங்கு, எடையோ 8 மடங்கு. அந்தப் பாரத்தைத் தாங்க வேகமாகப் பறக்க வேண்டும், வேகமாகவே இறங்கவும் வேண்டும். ஜேர்மனியில் 25 கிலோவைத் தாண்டிய மாதிரி விமானத்துக்குத் தனிச் சோதனையும் அனுமதியும் கேட்பது இதனால்தான்.

அதனால்தான் முதலிலேயே இடம் என்றேன். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்த வயல் பார்க்க விசாலமாக இருக்கும். சில்லு வைத்த ஜெட்டுக்கு வரம்பு ஒவ்வொன்றும் எமன். கல்லும் வைக்கோலும் விசிறிக்குள் இழுபடும். வல்லை வெளியைப் பார்த்து ஆசைப்படாத ஆள் இல்லை, ஆனால் அங்கே பக்கக்காற்று ஓய்வதில்லை, நடுவால் வீதி போகிறது. பலாலி விமான நிலையப் பக்கம் நினைத்தும் பார்க்க வேண்டாம், 2019 ஒக்டோபரிலிருந்து அது சர்வதேச விமான நிலையம். இது ட்ரோன் இல்லையே என்ற கதையும் உதவாது. சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபைக்கு எழுதுங்கள், பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டுமா என்பதையும் அங்கேயே எழுத்தில் கேளுங்கள். கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். கடிதம் கையில் வரும்வரை விமானம் வீட்டில் இருக்கட்டும்.

அயலவருக்கும் சொல்ல வேண்டும். நான் முதல்முறை மோட்டாரை முற்றத்தில் கட்டிவைத்து முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தபோது, பக்கத்து வீட்டு ஆச்சி பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டா. நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். “தம்பி, கிபிர் சத்தம் மாதிரி இருந்துது. கால் தானா உள்ளுக்குப் போட்டுது” என்றா. கிபிர் என்றால் போர்க்காலத்தில் குண்டு வீசிய ஜெட். ஆச்சியின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அன்று முழுக்க ஒன்றும் ஓடவில்லை. இப்போது ஓட்டுவதற்கு முதல்நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்கிறேன், ஆச்சிக்கு முதலில். போர் விமானத்தின் வடிவமோ நிறமோ செய்வதில்லை. சிவப்பும் வெள்ளையும் பூசிய பயிற்சி ஜெட்தான் என்னுடையது. உங்களிடமும் இதைக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, சேர்த்த காசுக்கு வருவோம். முதலில் நல்ல றிமோட், சுழலி வைத்த ஒரு போம் பயிற்சி விமானம். அதில் கை பழகிய பிறகு 70 அல்லது 90 மில்லிமீற்றர் விசிறி ஜெட், இறப்பர்க் கயிறு, வயிற்றால் புல்லில் இறக்கம். லித்தியம் பற்றரியை நம்மூர் வெயிலில் வாகனத்துக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பறக்காத நாளில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ற்றில் வையுங்கள். றிமோட்டை வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முதலே கேட்டுவிடுங்கள். இரண்டு மீற்றர் உடற்பகுதிக்கான அச்சை இதற்கிடையிலேயே தொடங்கலாம், அதற்கே ஒரு வருடம் போகும்.

நீங்கள் எந்தப் பக்கம், பட்டத்துக்கு முச்சை கட்டுவீர்களா, வீட்டில் சூட்டுக் கம்பி வில் கட்ட இடம் இருக்கிறதா என்று கீழே எழுதுங்கள். என்னிடம் 90 மில்லிமீற்றர் விசிறி ஒன்று சும்மா கிடக்கிறது. அந்த வரம்பில் விழுந்த விமானத்தினுடையதுதான், இதழ் ஒன்றுகூட உடையவில்லை.