ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) கார் கிட்டில் பின் சஸ்பென்ஷன் மாட்டிய பிறகு, வேகம் கொடுத்தால் வண்டி சுற்றிவிடுகிறது. ஷாக் அப்சார்பர் ஆயிலை மாற்ற வேண்டுமா?

ஆயிலில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். வண்டியைத் தரையில் வைத்து, பின் சக்கரம் இரண்டையும் நேர் மேலேயிருந்து பாருங்கள். நீங்களும் பிள்ளைக்கு என்று சொல்லி உங்களுக்கே வாங்கிக்கொண்ட ஆள்தான் என்று நினைக்கிறேன். அதனால் கூச்சப்படாமல் என் கதையைச் சொல்கிறேன்.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் இருக்கிறேன். பதினோரு வருடமாக ஒரு ஒர்க்‌ஷாப்பில் வீல் அலைன்மென்ட் பார்க்கிறேன். இதை மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

2023, இங்கே லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) உச்சத்தில் இருந்த வருடம். நிஜ காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, நாலு சக்கர டிரைவ் கிட். கியர்பாக்ஸும் முன்பக்கமும் வெளிச்சத்திலேயே முடிந்துவிட்டன. பின்பக்கத்துக்கு வந்தபோது கரண்ட் போனது. காலையில் ஓட்டிக் காட்டுவதாகப் பையனிடம் வாய் விட்டாயிற்று. நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் மைதானத்து கார் பார்க்கில் பாதி வேகம்தான் கொடுத்தேன். வண்டி அரை வட்டம் அடித்து எங்களையே பார்த்து நின்றது. நானும் உங்களைப் போல ஷாக்கைத்தான் சந்தேகப்பட்டேன். ஆயிலை வடித்து, கெட்டியானதை ஊற்றி, பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கி, குமிழி அடங்கும்வரை காத்திருந்தேன். திரும்பவும் அதே அரை வட்டம்.

கடைசியில் பையன்தான் வண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, “அப்பா, இடது பக்கத்துல ஆர் போட்டிருக்கே?” என்றான். சக்கரத்தைத் தாங்கும் துண்டான ஹப்பின் உள்பக்கம், வலது என்பதற்கான ‘R’, கடுகளவில் ஓர் எழுத்து. இடது ஹப்பையும் வலது ஹப்பையும் மாற்றி மாட்டியிருக்கிறேன். என் கிட்டில் டோ-இன் கோணம் ஹப்பிலேயே வார்த்து வருகிறது. மேலிருந்து பார்த்தால் பின் சக்கரங்களின் முன் விளிம்பு லேசாக உள்ளே பார்க்க வேண்டும். அப்போதுதான் வேகம் எடுக்கும்போது வால் அடங்கி நிற்கும். மாற்றிப் போட்டால் அதே கோணம் வெளியே பார்க்கும்.

“தொழில்காரனுக்கே இது தெரியாதா” என்று யாராவது வருவீர்கள். ஐயா, நிஜ வண்டியில் நான் கம்பியைத் திருகி, திரையில் எண்ணைப் பார்த்துச் சரிசெய்கிறேன். இரண்டு கறுப்பு பிளாஸ்டிக் துண்டுகளை இருட்டில் கையில் கொடுத்தால் எந்த மெக்கானிக்குக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பையன் அந்தக் கடுகளவு எழுத்தைப் படித்துவிட்டான். ஆனால் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் தேவாரத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்துத்தான் பாடச் சொல்கிறார்கள். கேட்டால், “காவடித் திருவிழாவுக்குள் பாட்டு வந்தால் போதும், எழுத்து அப்புறம்” என்கிறார்கள். மூன்று வருடமாக அந்த ‘அப்புறம்’ வரவில்லை. சரி, அது கிடக்கட்டும்.

ஹப் சரியாக இருந்தால் அடுத்தது கீழ் ஆர்ம், அதாவது ஹப்பை வண்டியோடு இணைக்கும் கை. ஷாக்கைக் கழற்றிவிட்டு ஆர்மைத் தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே பொத்தென்று விழ வேண்டும். பாதியில் நின்றால், ஆர்ம் கீல்போல ஆடுகிற உலோகக் கம்பியை (பின்னை) அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கால் சுற்றுத் தளர்த்துங்கள். அப்படியும் இறுக்கமாக இருந்தால், பின்னின் அளவுக்குச் சரியான டிரில் பிட்டைக் கையாலேயே துளைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றி எடுங்கள். மிஷின் வேண்டாம், துளை பெருத்துவிடும்.

இன்னொன்று. ஜப்பான் கிட் என்றால் அதன் ஸ்க்ரூவுக்கு ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) ஸ்க்ரூ டிரைவர் வாங்குங்கள். சாதாரண பிலிப்ஸ் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவை மறுபடி போடும்போது முதலில் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். ‘டக்’கென்று பழைய மரையில் இறங்கும், அப்புறம் முறுக்குங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் விழுந்து, எழுத்தும் சரியாக இருந்து, அப்படியும் சுற்றினால், சக்கரம் தெரிகிற மாதிரி நேர் மேலேயிருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பார்க்கிறேன்.