ஹோட்டல் வாடகைக்கு எவ்வளவு கேஷ் கொண்டு போவது?

கேள்வி: பள்ளி விடுமுறையில் மலேசியா போகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், என் அப்பா, அம்மா. கோலாலம்பூரில் நான்கு இரவு, பினாங்கில் இரண்டு இரவு, இரண்டிரண்டு அறைகள். பணத்தை ஹோட்டலில் போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று புக் செய்திருக்கிறோம். மொத்தம் 2,400 ரிங்கிட் வருகிறது. டிராவல் ஏஜென்ட், "முழுக்க கேஷாகவே கொண்டு போங்க சார், அப்பதான் நிம்மதி" என்கிறார். மைத்துனரோ, "கார்டு இருக்கும்போது கேஷ் எதுக்கு?" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் பாதி பாதி கேளுங்கள். ஆறு பேர் குடும்பம் 2,400 ரிங்கிட்டை இடுப்புப் பையில் கட்டிக்கொண்டு பத்து மலைப் படி ஏறத் தேவையில்லை. அதற்காக வெறும் கார்டோடு விடிகாலையில் போய் இறங்குவதும் சரியில்லை.

முதலில், கேஷாகவே கேட்கக்கூடியது எது என்று பார்ப்போம். மலேசியாவில் 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சுற்றுலா வரி உண்டு. ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். உங்களுக்கு இரண்டு அறை, ஆறு இரவு, ஆக 120 ரிங்கிட். பல ஹோட்டல்களில் இது அறை வாடகையில் சேர்ந்திருக்காது, சாவி தரும்போது தனியாகக் கேட்பார்கள். சில புக்கிங் தளங்கள் முன்கூட்டியே வாங்கிவிடுகின்றன. உங்கள் புக்கிங் ரசீதின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் கவுன்டரில் அதைக் காட்டுங்கள், இரண்டாம் முறை கட்ட வேண்டாம். பினாங்கில் உள்ளூர் நிர்வாகத்துக்கென்று அறைக்குச் சில ரிங்கிட் கூடுதலாகக் கேட்டாலும் பயப்பட வேண்டாம், அது முறையான கட்டணம்தான்.

அடுத்தது டெபாசிட். அறைக்கு 50 அல்லது 100 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது திருப்பித் தருவார்கள். இதைக் கேஷாகக் கொடுப்பதே நல்லது என்பேன். டெபிட் கார்டிலோ ஃபாரெக்ஸ் கார்டிலோ (முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிக்கொள்ளும் கார்டு) பிடித்துவைத்தால், அந்தப் பணம் விடுபட்டு உங்கள் கணக்குக்குத் திரும்பப் பல நாள் ஆகலாம். அதுவரை அது உங்கள் பணம்தான், ஆனால் செலவழிக்க முடியாது. கேஷ் என்றால் கோலாலம்பூரில் திரும்ப வாங்கிய அதே நோட்டைப் பினாங்கில் கொடுத்துவிடலாம். டெபாசிட்டுக்குத் தரும் சீட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள். இரவு வாங்கிக்கொண்டவர் காலையில் டியூட்டியில் இருக்க மாட்டார்.

மூன்றாவது, கார்டு தேய்க்க மறுத்துவிட்டால் ஒரு இரவைச் சமாளிக்கும் பணம். 2,400-ஐ ஆறு இரவுக்குப் பிரித்தால் அது 400 ரிங்கிட். வரி 120, டெபாசிட் 200, ஒரு இரவு 400, கூட்டினால் 720. தங்கும் செலவுக்கு 800 ரிங்கிட் நோட்டாக இருந்தால் போதும். சாப்பாடு, டாக்சி எல்லாம் தனிக் கணக்கு.

வாடகையைக் கார்டில் கட்டலாம். ஆனால் எந்தக் கார்டு? நம் வங்கிகளின் சாதாரணக் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் போடுகிறார்கள். சேர்த்தால் 4.13 சதவீதம். ரிங்கிட்டை 22 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,400 ரிங்கிட் 52,800 ரூபாய். அதில் ஏறக்குறைய 2,180 ரூபாய் கட்டணமாகவே போய்விடும். இந்தக் கட்டணம் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும் கார்டுகளும் உண்டு. உங்களுடையது எந்த ரகம் என்று வங்கியில் கேளுங்கள். கேட்கும்போதே வெளிநாட்டுப் பயன்பாடு 'ஆன்' ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதிப்படி புதிதாகத் தரும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டுக்கு நாம்தான் வங்கி ஆப்பில் திறந்துவிட வேண்டும். கவுன்டரில் கார்டு மறுக்கப்படும் கதைகளில் பாதி இதுதான்.

ரிங்கிட்டை எங்கே வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். விமான நிலையக் கவுன்டர் கடைசிப் புகலிடமாக இருக்கட்டும். ஊரில் ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற மணி சேஞ்சர்கள் இரண்டு மூன்று பேரிடம், "எல்லாம் சேர்த்து 800 ரிங்கிட்டுக்கு என் கையிலிருந்து எவ்வளவு போகும்?" என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள். ரேட் மட்டும் கேட்டால் சர்வீஸ் சார்ஜ் பின்னால் வரும். பாஸ்போர்ட், டிக்கெட், பான் கார்டு கொண்டு போங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் வாங்குவதானால் ரூபாயைக் கேஷாகக் கட்ட முடியாது, வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புக்குத்தான் நோட்டாக வாங்கலாம், உங்கள் தேவை அதற்கு எவ்வளவோ கீழே. பில் தராமல் நல்ல ரேட் தரும் 'தெரிந்த அண்ணன்' வேண்டவே வேண்டாம். அவர் தரும் நோட்டில் ஒன்று செல்லாததாக இருந்தால் யாரிடம் போய் நிற்பீர்கள்?

ரிங்கிட்டுக்குப் பதில் டாலர் வாங்கிப்போய் அங்கே மாற்றச் சொல்வார்கள் சிலர். இரண்டு முறை மாற்றினால் இரண்டு முறை நஷ்டம்.

கேள்வி: மனைவியும் நானும் ரோமில் ஐந்து இரவு தங்குகிறோம். ஹோட்டலுக்கு முழுப் பணமும் இங்கிருந்தே கட்டியாகிவிட்டது. இப்போது "சிட்டி டாக்ஸ் 60 யூரோ, வந்ததும் தரவும், கேஷ் என்றால் நல்லது" என்று மெயில் அனுப்பியிருக்கிறார்கள். ஏமாற்று வேலையா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை. ரோம் நகராட்சி ஆள் கணக்கில், இரவுக் கணக்கில் வாங்கும் வரி அது. ஹோட்டலின் நட்சத்திரத்தைப் பொறுத்து மாறும். மூன்று நட்சத்திரம் என்றால் தலைக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ. இரண்டு பேர், ஐந்து இரவு, சரியாக 60 வருகிறது. ஐந்து நட்சத்திரத்தில் இதுவே 10 யூரோ. இத்தாலியில் வெனிஸ், ஃபுளோரன்ஸ் போன்ற ஊர்களிலும் இந்த வரி உண்டு, தொகை ஊருக்கு ஊர் வேறு. எனவே ஒவ்வோர் ஊருக்கும் தனியாகக் கணக்குப் போட்டு, 10, 20 யூரோ நோட்டுகளாக எடுத்து வையுங்கள். 100 யூரோ நோட்டை நீட்டினால் சின்ன ஹோட்டல்களில் சில்லறைக்குத் திண்டாடுவார்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். மெயிலில் ஏதாவது லிங்க் கொடுத்து 'இங்கே கார்டு எண்ணைப் போடுங்கள்' என்று இருந்தால் மட்டும் தொடாதீர்கள். ஹோட்டல் பெயரில் அப்படி வரும் போலி மெயில்கள் நிறைய.

கேள்வி: பாங்காக்கில் ஹோட்டலுக்குக் கட்ட ஏடிஎம்மில் தாய்லாந்துப் பணமான பாட் எடுத்தேன். திரையில் ரூபாய்த் தொகை தெரிந்தது, 'அக்செப்ட்' அழுத்தினேன். ஊருக்கு வந்து பார்த்தால் அன்றைய ரேட்டைவிட நிறையப் போயிருக்கிறது. வங்கி, "எங்கள் தவறில்லை" என்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகி, சென்னை

பதில்: கிடைப்பது கடினம், அம்மா. நீங்கள் சம்மதம் கொடுத்துதான் நடந்திருக்கிறது. ஆனால் அந்தத் திரை இருக்கிறதே, அது வேண்டுமென்றே குழப்பும்படி வைத்தது போலத்தான் இருக்கும். இரண்டு பொத்தான்கள்: 'அக்செப்ட் கன்வெர்ஷன்', 'டிக்ளைன் கன்வெர்ஷன்'. டிக்ளைன் என்று பார்த்ததும் பணமே வராதோ என்று நினைத்து அக்செப்ட்டை அழுத்திவிடுகிறோம். உண்மையில் டிக்ளைன் அழுத்தினாலும் பணம் வரும். ரூபாயாக மாற்றும் வேலையை அந்த மிஷின் செய்யாது, விசா அல்லது மாஸ்டர்கார்டின் ரேட்டில் நடக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் அதுவே மலிவு.

ஹோட்டல் கவுன்டரில் கார்டு தேய்க்கும்போதும் இதே கதை. பில் ரூபாயில் அச்சாகி வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "கேன்சல் செய்துவிட்டு பாட் கணக்கிலேயே போடுங்கள்" என்று அங்கேயே சொல்லுங்கள், செய்து தருவார்கள். வெளியே வந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

தாய்லாந்து ஏடிஎம்களில் இன்னொன்று: வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் கட்டணம் பிடிப்பது அங்கே வழக்கம். 2,000 எடுத்தாலும் அதேதான், 20,000 எடுத்தாலும் அதேதான். எனவே நாலைந்து முறை எடுக்காமல், ஒரே முறையில் எடுத்துவிடுங்கள். கிரெடிட் கார்டில் எடுக்கவே கூடாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

கேள்வி: மகள் தனியாக வெளிநாடு போகிறாள். அங்கே பணம் தீர்ந்து அறை வாடகை கட்ட முடியாமல் போனால், நான் இங்கே வெஸ்டர்ன் யூனியன் கடையில் பணம் கட்டினால் அவள் அங்கே எடுத்துக்கொள்ள முடியுமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணத்தை இங்கே வாங்கத்தான் அந்தக் கடைகளுக்கு அனுமதி. இங்கிருந்து வெளியே அனுப்ப அந்த வழி உதவாது. மகளுக்கு ஒரு ஃபாரெக்ஸ் கார்டு வாங்கிக் கொடுங்கள். வாங்கும்போதே, அவள் அங்கே இருக்கும்போது நீங்கள் இங்கிருந்து பணம் ஏற்ற முடியுமா, ஏற்றினால் எத்தனை மணி நேரத்தில் சேரும், ஞாயிற்றுக்கிழமை ஏற்ற முடியுமா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். அப்புறம், வேறொரு வங்கியின் டெபிட் கார்டு ஒன்றும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே பர்ஸில் வைக்கச் சொல்லாதீர்கள். ஒன்று பெட்டிக்குள் இருக்கட்டும்.

திரும்பி வந்த பிறகு மிஞ்சிய நோட்டை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கென்று வைத்துக்கொள்ளலாம். சில்லறைக் காசுகளை இங்கே மணி சேஞ்சர்கள் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள், அதை அங்கேயே செலவழித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.