மலைநாட்டு மரவீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: போலந்தின் கிராகூவில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். தெற்கே நோவி தார்க் பக்கம் ஒரு மரவீடு கட்ட ஆசை. அங்குள்ள பழைய மலைவாசிகளின் வீடுபோல முழுக் கட்டைச் சுவர், செங்குத்தான கூரை வேண்டும். ஆனால் உள்ளே பெரிய கண்ணாடியும் திறந்த சமையலறையும் இருக்க வேண்டும். ஒரு நிறுவனம் "20 செ.மீ. கட்டை, தனியாக வெப்பக் காப்பு தேவையில்லை, ஆறு மாதத்தில் சாவி" என்கிறது. நம்பலாமா?

பதில்: காப்பு தேவையில்லை என்ற அந்த ஒரு வரிக்காகவே கொட்டேஷனைத் திருப்பிக் கொடுக்கலாம். சுவர் வழியாக எவ்வளவு சூடு வெளியே போகிறது என்பதை யு-மதிப்பு என்பார்கள். எண் சிறியதாக இருந்தால் நல்லது. 2021 முதல் போலந்தில் கட்டும் புது வீட்டின் வெளிச்சுவருக்கு அது 0.20-ஐத் தாண்டக் கூடாது. 20 செ.மீ. ஸ்ப்ரூஸ் கட்டை மட்டும் என்றால் கணக்கு 0.6 பக்கம் வருகிறது, அதாவது மூன்று மடங்கு. கட்டையை மட்டும் நம்பி 0.20-க்கு இறங்க வேண்டுமானால் சுவரின் தடிமன் 60 செ.மீ.யைத் தாண்டிவிடும். எனவே வெளியே கட்டை, நடுவில் 15 செ.மீ. அளவுக்குக் கம்பளிக் காப்பு, அதற்கு உட்புறம் நீராவி புகாத தாள், கடைசியாகப் பலகை என்று கேளுங்கள். பார்வைக்கு அதே வீடுதான், ஹீட்டிங் செலவு மட்டும் வேறு.

அந்தக் காலத்தில் எப்படித் தாங்கினார்கள் என்று கேட்பீர்கள். நோவி தார்க்கைச் சுற்றியுள்ள போட்ஹாலே வட்டாரத்து வீட்டில் நடுவில் ஒரு நடை, ஒரு பக்கம் 'கறுப்பு அறை', மறுபக்கம் 'வெள்ளை அறை'. அடுப்பு எரிவதும் குடும்பம் புழங்குவதும் கறுப்பு அறையில்தான். வெள்ளை அறை விசேஷங்களுக்கு. ஓர் அறையைச் சூடாக வைத்துக்கொண்டு அவர்கள் குளிர்காலத்தைக் கடத்தினார்கள். நீங்களோ முழு வீட்டையும் சூடாக்கப் போகிறீர்கள்.

அடுத்தது ஈரம். பச்சைக் கட்டையில் எழுப்பிய சுவர் காயக் காய, தன் எடையிலேயே பல சென்டிமீட்டர் இறங்கும். கைதேர்ந்த தச்சர் இதற்காகவே ஜன்னல் சட்டத்துக்கு மேலே இடைவெளி விட்டு, மெத்தென்ற காப்பைத் திணித்துப் பலகையால் மூடுவார். முன்தாழ்வாரத்தின் தூண்கள் நெடுக்காக நிற்பதால் சுவர் அளவுக்குச் சுருங்காது. அதனால் தூணின் அடியிலோ தலையிலோ ஒரு இரும்புத் திருகு இருக்கும். சுவர் இறங்கும்போது அதைத் திருகித் தூணையும் இறக்குவார்கள். அந்த நிறுவனம் மூன்று, நான்கு வருடம் முன்பு கட்டிய வீடு ஒன்றைக் காட்டச் சொல்லி, இந்தத் திருகைத் தேடிப் பாருங்கள். ஜன்னல்களைத் திறந்து மூடுங்கள். இறுகிப் பிடித்தால் பதில் கிடைத்துவிட்டது.

கட்டைகளுக்கு இடையே மெல்லிய மரச்சீவலைச் சடைபோல் முறுக்கி அடைப்பது அந்த ஊர் வழக்கம். சுவர் இறங்கியபின் அதை மறுபடி இறுக்க வேண்டும். அந்த வேலை யார் செலவு என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மரவகை, மனையில் மரத்தைக் கொண்டுவந்து இறக்கும் நாளில் அளந்த ஈரப்பதம், சுவரின் யு-மதிப்பு ஆகியவையும் எழுத்தில் வேண்டும். பணத்தை வேலை முடிய முடியத் தவணையாகக் கொடுங்கள். கட்டடக் குறைக்கு ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் கட்டியவரே பொறுப்பு. தகராறு வந்தால் உங்கள் மாவட்ட நுகர்வோர் அதிகாரி இலவசமாக ஆலோசனை தருவார்.

நல்ல வேலை எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க, நோவி தார்க்குக்குத் தெற்கே ஜகோபனே ஊரில் இருக்கும் 'கோலிபா' வீட்டுக்குப் போய்வாருங்கள். மலைவாசிகளின் வீட்டை வைத்து ஓவியர் ஸ்தனிஸ்வாவ் வித்கியெவிச் உருவாக்கிய பாணியில் முதலில் எழுந்த வீடு அது. 1892–93-இல் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். மூலையில் கட்டைகள் ஒன்றையொன்று கவ்வும் இடத்தை நின்று நிதானமாகப் பாருங்கள். அப்புறம் எந்த கேட்லாக் படமும் உங்களை எளிதில் மயக்காது.

கேள்வி: பட்ஜெட் போதவில்லை. கூரையில்லாத பெரிய மரத்தளம் அல்லது கூரை போட்ட சிறிய முன்தாழ்வாரம், இரண்டில் ஒன்றுதான். பலகைக்கு "சைபீரிய லார்ச்" என்று விலை போட்டிருக்கிறார்கள்.

பதில்: சிறியதானாலும் கூரை போட்டதே. அந்த மலைப் பக்கம் மழையும் பனியும் அதிகம். திறந்த தளம் வருடத்தில் பாதி நாள் சும்மா கிடந்து ஊறும். கூரைக்குக் கீழே மழையிலும் உட்காரலாம், விறகு அடுக்கலாம், ஈர பூட்ஸைக் கழற்றலாம். சுவரின் கீழ்க் கட்டைகளும் நனையாது. மேல்கூரையின் பனி சரிந்து வாசற்படியில் விழாதபடி வாசலை முக்கோண முகப்புப் பக்கம் வையுங்கள், அல்லது பனித்தடுப்பு போடுங்கள். பணம் மிஞ்சினால் கூரை விளிம்பை இன்னும் வெளியே நீட்டச் சொல்லுங்கள்.

லார்ச் நல்ல மரம்தான். ஆனால் ரஷ்ய மரத்தை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறக்குமதி செய்ய 2022 முதல் தடை இருக்கிறது. "சைபீரிய" என்று விற்பவரிடம் எங்கிருந்து எப்போது வந்தது என்று ஆவணம் கேளுங்கள். மழுப்பினால் வேறு கடை. ஐரோப்பாவிலேயே வளர்ந்த லார்ச் கிடைக்கிறது.

கேள்வி: இந்தியக் குடிமகன் நான். மனை என் பெயரில் வாங்க முடியுமா?

பதில்: வீட்டு மனைக்கு உள்துறை அமைச்சரின் அனுமதி வேண்டும். 1920-ஆம் ஆண்டுச் சட்டம், இன்றும் நடப்பில் உள்ளது. அனுமதி இல்லாமல் வாங்கினால் கிரயமே செல்லாது. நிரந்தர வதிவுரிமை பெற்று அதன்பின் 5 ஆண்டுகள் போலந்தில் வசித்தவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் எல்லை மண்டலத்தில் அந்த விலக்கு செல்லாது. தெற்கே போகப் போக ஸ்லோவாக்கிய எல்லை வந்துவிடும். மனை எந்த ஊராட்சியில் வருகிறது என்று நோட்டரியிடம் முதலில் கேளுங்கள்.

வில்லங்கம் பார்க்க நிலப்பதிவேட்டு எண்ணை விற்பவரிடம் வாங்கி, நீதி அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மூன்றாம் பகுதியில் பிறர் உரிமைகள், நான்காவதில் அடமானம். போட்ஹாலேயில் ஒரு துண்டு நிலத்துக்குப் பல பங்காளிகள் இருப்பது சகஜம். பொதுச் சாலைவரை வழியுரிமை பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கே எப்படிக் கட்டலாம் என்று ஊராட்சி வகுத்த உள்ளூர்த் திட்டத்தின் நகலை எடுத்தால் கூரையின் சாய்வு எத்தனை டிகிரி என்பதுவரை எழுதியிருக்கும். நிறுவனத்தின் ரெடிமேட் வரைபடம் அதற்குப் பொருந்தாமல் போகலாம்.

அந்த மலைகளில் நிலச்சரிவும் உண்டு. போலந்துப் புவியியல் நிறுவனம் நிலச்சரிவு இடங்களை வரைபடமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அட்வான்ஸுக்கு முன் உங்கள் மனையை அதில் தேடிவிடுங்கள்.

கேள்வி: மலை வேண்டாம், கிராகூ நகருக்குள்ளேயே இதே மாதிரி வீடு கட்டி விறகு அடுப்பு வைத்தால்?

பதில்: வீடு கட்டலாம், அடுப்பு கூடாது. புகைமூட்டத்தைக் குறைக்க 2019 செப்டம்பர் 1 முதல் நகர எல்லைக்குள் நிலக்கரி, விறகு இரண்டுக்குமே தடை. கணப்பும் இதில் அடக்கம். கேட்லாக் விலையில் அடுப்பும் புகைபோக்கியும் சேர்ந்திருந்தால் கழித்துத் தரச் சொல்லுங்கள்.