மீன் வாடையும் பியூரெட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அனிலினை ஹெச்.சி.எல் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) வச்சு டைட்ரேட் பண்ணினா எண்ட் பாயிண்டே பிடிபட மாட்டேங்குது. மூணு தடவை பண்ணி மூணு ரீடிங். என் கைதான் சரியில்லையா? (எம்.எஸ்சி மாணவர், மார்த்தாண்டம்)

பதில்: கையைக் குத்தம் சொல்லாதீங்க தம்பி, தண்ணிதான் சதி பண்ணுது. டைட்ரேஷன்னா பியூரெட்டுங்கிற அளவுக் குழாய்ல இருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டா விட்டு, கலர் மாறுற இடத்துல, அதாவது எண்ட் பாயிண்ட்ல, எவ்வளவு செலவாச்சுன்னு பாக்குறது. அனிலின் ஒரு அமீன், நைட்ரஜன் உள்ள காரம். அமீன்ல நைட்ரஜன்கிட்ட ஒரு ஜோடி எலக்ட்ரான் சும்மா கெடக்கும், அதுதான் அமிலத்துட்ட இருந்து புரோட்டானைப் பிடிக்கும், ஆனா அனிலின்ல பென்சீன் வளையம் அந்த ஜோடியைத் தன் பக்கம் இழுத்து வச்சுக்கிடும். அதனால அனிலினியத்தோட (புரோட்டானைப் பிடிச்ச அனிலின்) பி.கே.ஏ, அதாவது அமில வலுவைச் சொல்ற எண், 4.6, கிட்டத்தட்ட வினிகர்ல இருக்குற அசிட்டிக் அமிலம் மாதிரி. தண்ணில பி.ஹெச் சட்டுனு குதிக்காம வழுக்கிட்டே போகும், பிறகு கலர் எங்க மாறுனா என்ன!

தண்ணியை விட்டுட்டு கிளேசியல் (தண்ணி கலக்காத) அசிட்டிக் அமிலத்துல கரைச்சு 0.1 நார்மல் (நார்மல்ங்கிறது செறிவோட அளவு) பெர்குளோரிக் அமிலத்தால பண்ணுங்க. அங்க புரோட்டானுக்குத் தண்ணி போட்டிக்கு வராது. இண்டிகேட்டர் (கலர் மாறிக் காட்டுற சாயம்) கிரிஸ்டல் வயலட், ஊதா போய் நீலம் வந்து பச்சை ஆகும். செலவான அமிலம் 1 மில்லிக்கு 9.31 மில்லிகிராம் அனிலின்னு கணக்கு. தண்ணியைப் போக்க அசிட்டிக் அன்ஹைட்ரைடு சேர்ப்பாங்க, அது மிஞ்சிட்டா அனிலினையே தின்னுட்டு ரீடிங் குறையும். பெர்குளோரிக்கை முதல்ல அசிட்டிக் அமிலத்துல கலக்கிட்டுத்தான் அன்ஹைட்ரைடை மெதுவா விடணும், நேரா சேர்த்தா வெடிச்சுரும், விளையாட்டு இல்ல. இன்னொண்ணு, இந்த அசிட்டிக் அமிலக் கரைசல் 1 டிகிரி சூட்டுக்கு 0.1 சதவீதம் விரியும். காலையில ஸ்டாண்டர்டைஸ் பண்ணி (கரைசலோட சரியான செறிவைக் கண்டுபிடிச்சு) வச்சுட்டு மத்தியானச் சோத்துக்குப் பிறகு டைட்ரேட் பண்ணினா நம்ம ஊர் வெயில்ல அரை சதவீதம் அப்படியே போயிரும்.

கேள்வி: மீன் கெட்டுப்போச்சான்னு மூக்கு இல்லாம அளக்க முடியுமா? புளி ஊத்துனா வாடை போயிருதே, அப்ப மீன் சரியாயிருச்சா? (வாசகி, குளச்சல்)

பதில்: ஆகாதுக்கா, வாடை மட்டுந்தான் போகும். கடல் மீன்ல டிரைமெத்திலமீன் ஆக்சைடுன்னு ஒண்ணு உண்டு, பாக்டீரியா அதை டிரைமெத்திலமீனா மாத்தும், அதுதான் அந்த வாடை. புளியில இருக்குற டார்டாரிக் அமிலம் அதை உப்பாக்கிரும், உப்பு ஆவியாகாது, மூக்குக்கு எட்டாது. நீங்க தினமும் சட்டியில பண்றதும் ஒரு அமில கார வேலைதான், பியூரெட் இல்ல, அவ்வளவுதான். ஆனா சூரை, அயலை, சாளை கெட்டா வர்ற ஹிஸ்டமின்ங்கிற நஞ்சு புளிக்கும் போகாது, கொதிக்க வச்சாலும் போகாது.

லேப்ல மீன் சாறை கான்வே தட்டோட (நடுவுல குழி, சுத்தி வளையம் உள்ள சின்னத் தட்டு) வெளி வளையத்துல விட்டு பொட்டாசியம் கார்பனேட் சேர்த்து மூடி வைப்பாங்க. அமோனியாவும் அமீனும் ஆவியாகி நடுக்குழியில இருக்குற போரிக் அமிலத்துல மாட்டும். அதை 0.01 நார்மல் அமிலத்தால டைட்ரேட் பண்ணினா 1 மில்லிக்கு 0.14 மில்லிகிராம் நைட்ரஜன். 100 கிராம் மீனுக்கு 30, 35 மில்லிகிராம் நைட்ரஜன் தாண்டுனா பொதுவா தள்ளிருவாங்க. டிரைமெத்திலமீன் மட்டும் வேணும்னா ஃபார்மால்டிஹைடு சேர்க்கணும், அது அமோனியாவைக் கட்டிப்போட்டுரும்.

கேள்வி: ரப்பர் பால்ல அமோனியா பாக்குறதும் இதேதானா? (வாசகர், குலசேகரம்)

பதில்: அதேதான், அதைவிட லேசு. பாலைத் தண்ணில கலக்கி மெத்தில் ரெட் இண்டிகேட்டர் போட்டு ஹெச்.சி.எல் வச்சு டைட்ரேட் பண்ணணும். 0.1 நார்மல்னா 1 மில்லிக்கு 1.7 மில்லிகிராம் அமோனியா. டப்பாவைத் திறந்தே வச்சிருந்தா பாதி அமோனியா பறந்துரும், பிறகு என்னைத் திட்டாதீங்க.