ஸ்விஃப்டுக்கு 16 அங்குல அலாய் சரிப்படுமா?

கேள்வி: என்னுடையது 2019 மாடல் மாருதி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. 165/80 ஆர்14 டயர்கள் தேய்ந்துவிட்டன. கடைக்காரர் 16 அங்குல அலாய் வீலும் 205/55 டயரும் போடச் சொல்கிறார், கிரிப் கூடுமாம். எங்காவது உரசுமா? மைலேஜ் குறையுமா?
– ஈரோடு வாசகர்

பதில்: மாட்டிவிடலாம்தான். ஆனால் உங்கள் வண்டிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

முதலில் டயரின் மொத்த உயரம். 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ., பக்கச்சுவர். மேலும் கீழுமாக அதை இரண்டு முறை எடுத்து, 14 அங்குல ரிம்மையும் சேர்த்தால் சுமார் 620 மி.மீ. கடைக்காரர் சொல்லும் அளவு 632 வருகிறது, 2 சதவீதம் அதிகம். மீட்டர் 80 காட்டும்போது வண்டி ஏறக்குறைய ஒன்றரை கி.மீ. கூடுதல் வேகத்தில் போகும். கம்பெனி மீட்டர்கள் பொதுவாகவே கொஞ்சம் கூட்டிக் காட்டுபவை என்பதால் இது பெரிய விஷயமில்லை. ஓடிய தூரத்தையும் மீட்டர் 2 சதவீதம் குறைத்தே எழுதும். மைலேஜ் குறைந்ததாகத் தெரிவதில் ஒரு பங்கு வெறும் கணக்குப் பிழை. மீதி நிஜம்: டயர் 40 மி.மீ. அகலம் கூடி, பெரிய அலாயும் கனத்தால், டவுனில் நின்று நின்று கிளம்பும்போது இழுவை மந்தமாகும்.

உரசுமா என்பதற்கு டயர் எண் மட்டும் பதில் சொல்லாது. ரிம்மின் அகலத்தையும், ‘ஈடி’ என்று அதில் பதித்திருக்கும் எண்ணையும் பாருங்கள். வண்டியோடு சேரும் பரப்பு, ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதுதான் ஈடி; அது குறைந்தால் வீல் வெளியே தள்ளும். கடையில் பலர் இதைக் கேட்பதே இல்லை. டிசைனைக் காட்டி விற்றுவிடுகிறார்கள். ரிம் 5 அங்குலத்திலிருந்து 6.5 ஆகி, ஈடி 45-லிருந்து 35 ஆனால், வெளிவிளிம்பு 29 மி.மீ. வெளியே தள்ளும்; உள்விளிம்பு 9 மி.மீ. உள்ளே போகும். தனியாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போதுதான் ‘கர்ர்’ என்று கேட்கும். பணம் கொடுப்பதற்கு முன், வீல் ஆர்ச்சின் (டயருக்கு மேலுள்ள பாடி வளைவு) உள்விளிம்பில் சாக்பீஸ் தேய்த்து, ஆட்களை ஏற்றி ஒரு சுற்று ஓட்டுங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடித்து ரிவர்ஸும் எடுங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் உரசும் இடம்.

ஸ்விஃப்டின் பிசிடி 4x100, அதாவது 100 மி.மீ. விட்ட வட்டத்தில் நான்கு நட்டு ஓட்டைகள்; நடு ஓட்டை 54.1 மி.மீ. கடை அலாய்களில் இந்த ஓட்டை பெரும்பாலும் பெரிதாக இருக்கும். இடைவெளியை அடைக்க ஹப் ரிங் என்ற வளையத்தைக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் வீல் நடுமையம் தப்பி, பாலன்சிங் செய்த பிறகும் ஸ்டீயரிங் ஆடலாம்.

சரி, எதைப் போடுவது? இதே ஸ்விஃப்டின் இசட்எக்ஸ்ஐ பிளஸுக்குக் கம்பெனியே கொடுத்த 185/65 ஆர்15. உயரம் 621.5 மி.மீ.; மீட்டரில் வித்தியாசமே தெரியாது. வளைவில் பிடிப்பு கூடும், பக்கச்சுவரும் 120 மி.மீ. மிஞ்சும். 16 அங்குலம்தான் வேண்டும் என்றால் 205/55 வேண்டாம், 195/55 போதும். உயரம் 621-க்குள் நிற்கும். ஆனால் பக்கச்சுவர் 107 மி.மீ.தான். மழைக்காலத்தில் தண்ணீர் மூடிய பள்ளத்தில் இறங்கினால் அடி நேராக ரிம்முக்குப் போகும்.

எந்த அளவானாலும் டயரின் பக்கவாட்டில் உள்ள லோடு இண்டெக்ஸ் (எடை தாங்கும் திறனைச் சொல்லும் எண்) பழைய டயரைவிடக் குறையக் கூடாது. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோதான். விலை மலிவு என்று 195/50 ஆர்16 தள்ளிவிடுவார்கள். பெரும்பாலும் அது 84தான், டயர் உயரமும் 18 மி.மீ. குறைந்து வண்டி தாழ்ந்துபோகும்.

அலாய்க்கு ஏற்ற நட்டுகளைத் தனியாக வாங்குங்கள். ஸ்டெப்னி பழைய 14 அங்குல இரும்பு ரிம்தான் என்றால், அதற்கான பழைய நட்டுகளையும் டிக்கியிலேயே போட்டுவையுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் வீல் மாற்றியதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.