எஃப்3 வந்தால் உடனே போர்டை மாற்ற வேண்டாம்

நத்தார் நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி கேக் பற்றியதாகத்தான் இருக்கும். இந்த முறை கேக் வேகாத கதைகளே அதிகம். நாலு கடிதங்களை எடுத்திருக்கிறேன், முதலாவதுக்குத்தான் நீளமான பதில், மற்றவர்கள் கோபிக்கக்கூடாது.

கேள்வி: எங்களுடையது சுவரோடு பதித்த ஓவன். நாலு வருடம் ஒழுங்காக வேலை செய்தது. போன கிழமை லவ் கேக் உள்ளே இருக்கும்போதே பீப் பீப் என்று கத்தி, எஃப்3 என்று காட்டி நின்றுவிட்டது. ஆறவிட்டுப் போட்டால் வேலை செய்கிறது, அரை மணித்தியாலத்தில் திரும்பவும் எஃப்3. பார்க்க வந்தவர் எதையும் கழற்றாமலே "மிஸ், போர்ட் போயிட்டுது" என்று ஒரு விலை சொன்னார். அதோடு கொஞ்சம் போட்டால் புது ஓவனே வாங்கலாம். மாற்றத்தான் வேண்டுமா? (ஒரு வாசகி, வெள்ளவத்தை)

பதில்: பொறுங்கள் அக்கா. நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது: ஆறினால் வேலை செய்கிறது, சூடேறினால் நிற்கிறது. அந்த வரியைக் கேட்ட பிறகும் ஒருவர் ஒன்றையும் கழற்றாமல் போர்டுக்கு (ஓவனின் மூளையாக இருக்கும் மின்பலகைக்கு) விலை சொல்கிறார் என்றால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரவில்லை.

முதலில், எஃப்3 என்பது எல்லா ஓவனுக்கும் ஒரே அர்த்தம் இல்லை. வேர்ல்பூல், ஜீஈ போன்றவற்றின் பல மாடல்களில் அது சூட்டை அளக்கும் சென்சாரின் இணைப்பு அறுந்திருப்பதைக் குறிக்கும், எல்ஜி ஓவன்களில் அதே எஃப்3 ஏதோ ஒரு பட்டன் அமுங்கி ஒட்டிக்கொண்டிருப்பதைச் சொல்லும். எஃப்9 இன்னும் மோசம், எல்ஜியில் ஓவன் சூடாகவில்லை என்று அர்த்தம், பழைய ஜீஈயில் கதவுப் பூட்டில் கோளாறு. அதனால் பக்கத்து வீட்டு ஓவனின் புத்தகத்தைப் பார்த்து முடிவு எடுக்க வேண்டாம். கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்தில் மாடல் இலக்கம் உள்ள ஒரு ஸ்டிக்கர் இருக்கும், கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுத் தேடுங்கள். அந்த இலக்கத்துக்கு உரிய விளக்கம்தான் கணக்கு. அடுத்த முறை இப்படிப் பழுதைச் சொல்லும் கோட் வந்தால் அணைப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அணைத்தால் பல ஓவன்களில் அது மறைந்துவிடும், பிறகு எஃப்3ஆ எஃப்8ஆ என்று வீட்டுக்குள் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

உங்களுடையது சென்சார் வகை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் சூட்டோடு வந்து சூட்டோடு போகிறது. ஓவனின் பின்சுவரில் மேல்பக்கமாகப் பாருங்கள், பென்சிலைவிட மெல்லிய ஒரு இரும்புக் குச்சி விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான். பல ஓவன்களில் அதற்குள் பிளாட்டினம் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை கூடும், போர்ட் அந்த எண்ணைப் பார்த்துத்தான் சூட்டைக் கணிக்கிறது. பூச்சியம் பாகையில் 1000 ஓம், நம்முடைய கொழும்புக் குசினியின் 30 பாகையில் ஏறத்தாழ 1110, கேக் வேகும் 180 பாகையில் 1680 அளவு. வயர் எங்காவது விட்டுப்போனால் எண்ணே வராது, உடனே எஃப்3. ஆக, கோட் வந்தது எண் வராத குற்றத்துக்கு. எண் ஏன் வரவில்லை என்று ஓவனுக்கே தெரியாது, அதை நாம்தான் தேட வேண்டும்.

செய்யக்கூடியவர் வீட்டில் இருந்தால் இப்படிச் செய்யலாம். ஓவனை அதன் பட்டனில் அணைத்தால் போதாது, பதித்த ஓவன்களுக்குச் சுவரில் தனி சுவிட்ச் இருக்கும், அதை நிறுத்துங்கள், தெரியாவிட்டால் மெயின் சுவிட்சையே இறக்கிவிடுங்கள். நன்றாக ஆறிய பிறகு சென்சாரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மெதுவாக உள்ளே இழுத்தால் வயரும் அதன் இணைப்பும் வெளியே வரும். வந்ததும் வயரில் ஒரு உடுப்புக் கிளிப்பைக் குத்திவிடுங்கள்! இல்லையென்றால் அது ஓட்டைக்குள் நழுவி ஓவனின் முதுகுக்குப் பின்னால் போய்விடும், அதை எடுக்க முழு ஓவனையும் அலுமாரியிலிருந்து இறக்க வேண்டும் (நான் பட்டது). இணைப்பைப் பிரித்து, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் சாதாரணமானது ஒன்று வாங்கலாம், வீட்டில் பத்து விஷயத்துக்கு உதவும். 1110 பக்கம் எண் வந்தால் குளிர்ந்த நிலையில் சென்சார் நல்லது. சில ஓவன்களில் 550 பக்கம் வரும், அது வேறு வகைச் சென்சார், பழுது என்று தூக்கி எறிய வேண்டாம். இப்போது வயரை லேசாக ஆட்டிப் பாருங்கள், எண் துள்ளினால் கள்ளன் அங்கேதான். தலைமுடி காயவைக்கும் டிரையரால் குச்சியைச் சூடாக்கியும் பார்க்கலாம், எண் நிதானமாக ஏற வேண்டும், திடீரென்று காணாமல் போனால் சென்சாரை மாற்றுங்கள்.

வெள்ளவத்தை என்கிறீர்கள், கடல் பக்கமா? அப்படியென்றால் இணைப்பின் ஊசிகளை நன்றாகப் பாருங்கள். உப்புக் காற்றில் அவை பச்சை பூத்துப் போகும், குளிரில் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து விட்டுப்போகும். என் தங்கச்சி வீட்டிலும் இதே கதைதான், போர்டுக்குக் காசு கொடுத்து மாற்றிய பத்தாம் நாள் அதே கோட் திரும்ப வந்தது, கடைசியில் ஊசியைச் சுரண்டித் துடைத்ததோடு சரி. சென்சார், இணைப்பு, போர்ட் வரைக்கும் போகும் வயர், மூன்றும் நல்லதென்று தெரிந்த பிறகுதான் போர்ட். அந்த வரிசையில் பார்க்கச் சம்மதிக்கிற ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் வந்ததிலிருந்து ஓவனில் 0.00 என்று மின்னிக்கொண்டே இருக்கிறது. விளக்கு எரிகிறது, விசிறி கூடச் சுற்றுகிறது, சூடு மட்டும் இல்லை. எலிமென்ட் (சூடாக்கும் கம்பி) போய்விட்டதா? (ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: நேரத்தை வையுங்கள் ஐயா, அவ்வளவுதான். பல ஓவன்கள் மணிக்கூடு சரியாக வைக்கும்வரை சூடாக மாட்டோம் என்று பிடிவாதம் பிடிக்கும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் இதே கேள்வி எனக்கு எத்தனை தரம் வந்தது தெரியுமா, எலிமென்ட் வாங்கிவிட்டே கேட்டவர்களும் உண்டு. நேரம் வைத்த பிறகும் சூடு வராமல் திரையில் டெமோ என்று எழுதியிருந்தால், அது கடையில் காட்சிக்கு வைக்கும் நிலை, மெனுவில் போய் நிறுத்தலாம்.

கேள்வி: மைக்ரோவேவில் எச்98 என்று வருகிறது. யூடியூப் பார்த்து நானே திறக்கலாமா? (ஒரு மாணவர், தெஹிவளை)

பதில்: வேண்டாம் தம்பி. மேலே அக்காவுக்கு ஸ்க்ரூ கழற்றச் சொன்னவன்தான் உங்களுக்கு வேண்டாம் என்கிறேன். மைக்ரோவேவுக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிறது, பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும், ஆளைக் கொல்ல அது போதும். பானசோனிக்கில் எச்97, எச்98 இரண்டும் அந்த உயர்அழுத்தப் பக்கத்துக் கோளாறுதான். எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டிருந்தால் நேராகச் சுவர் பிளக்கில் ஒரு தரம் போட்டுப் பாருங்கள், அதற்கு மேல் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: கனடாவிலிருந்து அண்ணா கொண்டுவந்த மேசை ஓவன், 120 வோல்ட். டிரான்ஸ்ஃபோமர் போட்டுத்தான் பாவிக்கிறோம். எஃப்3 போல ஒரு கோடும் வரவில்லை, ஆனால் பட்டர் கேக் ஒவ்வொரு தரமும் கருகுகிறது. டிரான்ஸ்ஃபோமரில் பிழையா? (ஒரு வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: ஓவனில் இருக்கும் மணிக்கூடு ஒவ்வொரு நாளும் பின்னுக்குப் போகிறதா என்று பாருங்கள். போகிறதென்றால் ஆள் பிடிபட்டான். கனடாவில் கரண்ட் செக்கனுக்கு 60 தரம் துடிக்கும், இங்கே 50 தரம். டிரான்ஸ்ஃபோமர் வோல்ட்டைக் குறைக்கும், இந்த எண்ணை மாற்றாது. அந்தத் துடிப்பை எண்ணித்தான் பல ஓவன்களின் மணிக்கூடு ஓடுகிறது, ஆகவே நீங்கள் 60 நிமிடம் வைத்தால் கேக் 72 நிமிடம் உள்ளே இருக்கும், பிறகு கருகாமல் என்ன செய்யும். ஓவன் 1800 வாட் என்றால் டிரான்ஸ்ஃபோமர் அதைவிடத் தாராளமாக, 3000 வாட்டாவது இருக்கட்டும், தொட்டுப் பார்க்கச் சுட்டால் பாவிக்க வேண்டாம். கேக்குக்கு ஒரு மணித்தியாலம் வேண்டுமென்றால் டைமரை 50இல் வையுங்கள், சரியாக வரும்.